ஊனமுற்றோர் உடன்படிக்கையும் நமது மனச்சாட்சியும்



ஊனமுற்றோரின் உரிமைகளைக் காக்க ஐக்கிய நாடுகள் சபை 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உலகத்து நாடுகளில் மிகப் பெரும்பாலானவை அதை ஏற்றுக்கொண்டன. ஆனால், பார்வையற்றவர்க்கும் செவி கேளாதவர்க்கும் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளும் இல்லங்களும் நடத்திவரும் நம் திருச்சபையின் தலைமைப் பீடம் அதில் கையெழுத்திடவில்லை. சில நாடுகளில் விசுவாசிகள் தங்கள் சட்டசபை அங்கத்தினர்களை அணுகி, "இதை உறுதிப்படுத்த வேண்டாம்" என்றே மன்றாடினார்கள்.

இது என்ன விபரீதம்? ஏழை எளியவர் பக்கம் நிற்க வேண்டியவர்கள் ஊனமுற்றோருக்கு எதிராக நிற்கலாமா? அவர்கள் செய்தது சரியென்றால், நாமும் நம் பிரதிநிதிகளிடம் அப்படியே கேட்க வேண்டாமா? கிருமாம்பாக்கத்திலிருந்து ஒருவர் எழுதுவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணாமல், இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

கையெழுத்தும் உறுதிப்பாடும்

உடன்படிக்கையில் கையெழுத்திடுவது வேறு, அதை உறுதிப்படுத்துவது வேறு. புதுச்சேரிக்காரராகிய நமக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1954 அக்டோபர் 18-ந் தேதி நம் பக்கத்து வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் வாக்கெடுப்பு நடந்து, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது. 1956 மே 28-ந் தேதி இரு நாடுகளும் ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆயினும் பிரெஞ்சுப் பார்லிமெண்டு அதை உறுதிப்படுத்தி, 1962 ஆகஸ்டு 16-ந் தேதி பத்திரங்கள் கைமாறிய பிறகுதான் சட்டப்படி இந்த மண் இந்திய மண் ஆயிற்று. கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம். உறுதிப்பாடு என்பது கலியாணம். நிச்சயம் ஆன பிறகும் யோசிக்க இடமுண்டு. கலியாணம் ஆனபின் அந்தக் குடும்பத்தை ஒழுங்காக நடத்துவதே கடமை.

ஊனமுற்றோர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 2007 மார்ச் 30-ந் தேதி, அதாவது கையெழுத்துக்குத் திறந்துவைத்த முதல் நாளே. உறுதிப்படுத்தியது அதே ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி. நம் நாட்டில் இத்தகைய உறுதிப்பாட்டை மத்திய சர்க்காரே செய்யலாம். பார்லிமெண்டில் வாக்கெடுப்பு அவசியமில்லை. ஆகையால் நம் அங்கத்தினர்களிடம் அதைப்பற்றி யாரும் கேட்கவுமில்லை, நாம் அவர்களுக்குச் சொல்லவுமில்லை.

உடன்படிக்கையில் இருப்பது என்ன?

அதில் 50 ஷரத்துகள் உண்டு. ஊனமுற்ற பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது. வேலையில் பாகுபாடு கூடாது. வாக்களிக்கவும், கலியாணம் செய்து குடும்பம் நடத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அது கூறுகிறது. மனிதப் பிறவி ஒவ்வொருவருக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு, ஊனமுற்றோர் அதை மற்றவருக்குச் சமமாக அனுபவிக்கச் செய்வது நாடுகளின் கடமை என்கிறது 10-வது ஷரத்து. ஊனத்தைக் காரணமாகக் காட்டி ஒருவருக்கு வைத்தியத்தையோ, உணவையோ, தண்ணீரையோ மறுக்கக்கூடாது என்று 25-வது ஷரத்தில் ஒரு பிரிவு சொல்கிறது. இவற்றில் எதை ஒரு கத்தோலிக்கன் மறுப்பான்? திருப்பீடத்தின் பிரதிநிதிகளும் இதைத் தயாரித்த கூட்டங்களில் பங்குபற்றி உழைத்தவர்களே.

பின்னே தடை எங்கே வந்தது? அதே 25-வது ஷரத்தின் முதல் பிரிவில், ஊனமுற்றோருக்குக் கிடைக்க வேண்டிய வைத்திய சேவைகளில் "பாலியல் மற்றும் இனப்பெருக்க ஆரோக்கியம்" என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. கூட்டத்திலிருந்த பல நாடுகள், இதனால் கருக்கலைப்புக்குப் புதிய உரிமை எதுவும் உண்டாகாது என்றே கூறின. ஆனால் சில நாடுகளின் சட்டங்களில் அந்தச் சொற்கள் கருக்கலைப்பையும் குறிக்கும். இதையே 2006 டிசம்பர் 13-ந் தேதி திருப்பீடத்தின் பிரதிநிதி அதிமேற்றிராணியார் செலெஸ்தீனோ மிலியோரே சபையில் எடுத்துரைத்தார். ஊனமுற்றோரைக் காக்கவென்று எழுதிய பத்திரமே, ஊனமென்று சந்தேகிக்கப்பட்ட குழந்தையைக் கருவிலேயே அழிப்பதற்குத் துணைபோகுமானால் அது எவ்வளவு துக்ககரமானது என்பதே அவர் சொன்னதன் சாரம். ஆகவே திருப்பீடம் கையெழுத்திடவில்லை. ஊனமுற்றோர்மேல் அன்பில்லாமல் அன்று. அவர்களில் மிகச் சிறியவரை மறந்துவிடக் கூடாதென்றே.

குடம் பாலும் துளி விஷமும்

குடம் பாலில் துளி விஷம் விழுந்தால் குடத்தையே கொட்டிவிடுவோம். அதுபோல இந்த உடன்படிக்கையை முழுவதுமே தள்ளிவிட வேண்டும் என்று சிலர் வாதித்தார்கள். அமெரிக்காவில் அது நடந்தது. அங்கே ஜனாதிபதியின் பிரதிநிதி 2009-ல் கையெழுத்திட்டார். ஆனால் உறுதிப்படுத்த செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2012 டிசம்பர் 4-ந் தேதி வாக்கெடுப்பு. இரண்டாம் உலக யுத்தத்தில் காயப்பட்டு வலது கையின் பலத்தை இழந்தவரும், பல ஆண்டுகள் அந்தச் சபையின் தலைவர்களில் ஒருவராக இருந்தவருமான பாப் டோல், 89 வயதில் சக்கர நாற்காலியில் சபைக்கு வந்து, தம் கட்சிக்காரர்களின் ஆதரவை நாடினார். ஆதரவு 61, எதிர்ப்பு 38. ஐந்து வாக்குக் குறைவால் உடன்படிக்கை தோற்றது.

எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் பல. அந்நியர் நம் நாட்டுச் சட்டத்தில் தலையிடுவார்கள் என்பது ஒன்று. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரின் உரிமை போய்விடும் என்பது மற்றொன்று. கருக்கலைப்பைப் பற்றிய அச்சம் மூன்றாவது. முதல் இரண்டும் அரசியல். நல்லவர்கள் இரு பக்கமும் இருக்கலாம். மூன்றாவதே மனச்சாட்சியைத் தொடுவது. ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். உடன்படிக்கை தோற்றதால் அந்த நாட்டில் கருவிலிருந்த ஊனமுற்ற குழந்தை எதற்காவது பாதுகாப்புக் கிடைத்ததா? அவர்களுடைய கருக்கலைப்புச் சட்டத்தில் அதனால் ஒரு வரிகூட மாறவில்லை.

நல்ல உவமைதான், ஆனால் இங்கே முழுதும் பொருந்தவில்லை. விஷம் பாலோடு கலந்துவிடும், பிரிக்க முடியாது. உடன்படிக்கையில் ஷரத்துகள் தனித்தனியே நிற்கின்றன. நல்லதை ஏற்று, கெட்ட அர்த்தத்தை மறுப்பதாக எழுத்து மூலம் தெரிவிக்க வழி உண்டு. மால்டாவும் போலந்தும் லித்துவேனியாவும் அப்படியே செய்தன. அந்தச் சொற்களால் கருக்கலைப்பு உரிமை உண்டாகாது என்று தெளிவாக எழுதிக் கொடுத்த பிறகே உறுதிப்படுத்தின. 1995-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உயிரைப் பற்றி எழுதிய நிருபத்திலும் இதற்கு ஒரு வழிகாட்டல் உண்டு. கருக்கலைப்புக்குத் தன் எதிர்ப்பை எல்லாரும் அறியச் சொல்லிவிட்ட ஒரு சட்டசபை அங்கத்தினர், தீமையை முழுவதும் நீக்க முடியாதபோது, அதைக் குறைக்கும் முயற்சிக்கு ஆதரவு தரலாம் என்பது அது. திருப்பீடம் சாட்சி சொல்கிறது. ஆகையால் சந்தேகமான சொல்லின்கீழ் அது கையெழுத்திடாது. சர்க்காரோ நாளைக் காலையே ஊனமுற்ற பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட வேண்டியது. ஆகையால் நல்லதை ஏற்றுக்கொண்டு கெட்டதற்குத் தடை எழுத வேண்டியது அதன் கடமை. இந்தியா முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்யவில்லை.

சண்டிகரில் நடந்தது

நிற்க. நம் நாட்டில் இந்த உடன்படிக்கை கருவிலிருந்த குழந்தைக்கு என்ன செய்தது என்று பார்ப்போம்.

2009-ல் சண்டிகரில் சர்க்கார் இல்லமொன்றில் வளர்ந்த ஓர் அனாதைப் பெண், மனவளர்ச்சி குறைந்தவள், வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமுற்றாள். அவளால் பிள்ளை வளர்க்க முடியாது, கருவைக் கலைத்துவிடலாம் என்று நிர்வாகம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஹைகோர்ட்டும் ஜூலை மாதம் அப்படியே உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணை விசாரித்த நிபுணர்கள், அவள் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறாள் என்று எழுதியிருந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பிரதம நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணனும், நம் ஈரோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த நீதிபதி பி. சதாசிவமும், நீதிபதி பி. எஸ். சௌஹானும் அந்த உத்தரவை நிறுத்தினார்கள். ஆகஸ்டு 28-ந் தேதி தந்த தீர்ப்பில், அவளுடைய சம்மதமில்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்றார்கள். அதற்குச் சொன்ன ஆதாரங்களுள் ஒன்று, இந்தியா உறுதிப்படுத்தியிருந்த இதே உடன்படிக்கை. குழந்தை உயிரோடு பிறந்தது.

வாசகரே, நாம் மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. நீதிபதிகள் முதன்மையாகக் காத்தது தாயின் விருப்பத்தை. கருக்குழந்தையின் உரிமையை அல்ல. அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். ஆயினும், கருக்குழந்தைக்கு ஆபத்து வரலாமென்று நாம் அஞ்சிய பத்திரமே அந்த ஒரு குழந்தைக்குக் கவசமாயிற்று என்பது உண்மை. எல்லாரும் "இவளால் முடியாது" என்றபோது, "முடியும்" என்றவள் அவள் ஒருத்தியே.

பின்னர் 2016-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊனமுற்ற பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருவைக் கலைப்பவருக்குத் தண்டனை விதித்தது. கடுமையான ஊனமுள்ள பெண்ணின் விஷயத்தில், டாக்டரின் கருத்தும் காப்பாளரின் சம்மதமும் இருந்தால் போதுமென்று ஒரு விலக்கும் வைத்தது. முந்திய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்களே இருந்தன, இப்போது 21. சர்க்கார் வேலையில் 3 சதவிகிதமாக இருந்த ஒதுக்கீடு 4 ஆயிற்று. இவையெல்லாம் உடன்படிக்கையின் கனிகள்.

ஆபத்து எங்கிருந்து வந்தது?

இனி மறுபக்கம். 2021-ல் பார்லிமெண்டு கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு செப்டம்பர் 24-ந் தேதி அது அமலுக்கு வந்தது. சிலவகைப் பெண்களுக்கு 20 வார வரம்பு 24 வாரமாயிற்று. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்குப் பெரிய குறைபாடு இருப்பதாக டாக்டர்கள் குழு சொல்லிவிட்டால், வார வரம்பே கிடையாது. எது பெரிய குறைபாடு என்று சட்டம் பட்டியல் எதுவும் தரவில்லை.

இதன் பொருளை உணர வேண்டுமானால் 2023 அக்டோபர் 16-ந் தேதித் தீர்ப்பைப் பாருங்கள். 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி கேட்ட ஒரு பெண்ணுக்குச் சுப்ரீம் கோர்ட்டு அனுமதி மறுத்தது. காரணம், 24 வாரம் கடந்துவிட்டது. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. குழந்தைக்கும் குறைபாடு இல்லை. குழந்தை காப்பாற்றப்பட்டதற்காக நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் யோசியுங்கள்: அதே குழந்தைக்குப் பெரிய ஊனம் இருந்திருந்தால், டாக்டர்கள் குழுவின் சொல்லே அதன் உயிருக்கு முடிவு கட்டப் போதுமானதாக இருந்திருக்கும். ஒரே வயது, ஒரே கருப்பை. ஊனம் ஒன்றே வித்தியாசம். இதற்குப் பாகுபாடு என்பதல்லாமல் வேறு பெயர் உண்டா?

இந்த விலக்கை எழுதியது ஐக்கிய நாடுகள் சபையல்ல, நம் பார்லிமெண்டு. உடன்படிக்கையை மேற்பார்க்கும் குழுவோ, 2011-ல் ஸ்பெயின் நாட்டுக்கு எழுதியபோது, ஊனத்தை மட்டும் காரணமாக வைத்துக் கருக்கலைப்புக்கு வேறு கால வரம்பு தருவதை நீக்கும்படி சொன்னது. அந்தக் குழு கருக்கலைப்பை எதிர்க்கும் குழுவல்ல. அப்படிப்பட்டவர்களுக்கே அநியாயமாகத் தோன்றியது நமக்குத் தோன்ற வேண்டாமா?

ஆகவே நம் முதல் கேள்விக்கு விடை இதுவே: உடன்படிக்கையைத் தள்ளும்படி இன்று கேட்பதால் பயனில்லை. அதன் 10-வது ஷரத்தில் எழுதியிருப்பதை நேர்மையாகக் கடைப்பிடிக்கும்படி கேட்பதே நம் கடமை.

சொல்வது எளிது அல்லவா?

இங்கே ஒரு தாய் எழுந்து நின்று கேட்கலாம்: "எழுதுகிறவருக்கு என்ன? சுமக்கிறவள் நான். ராத்திரியெல்லாம் கண்விழிப்பவள் நான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள். பெரியவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சின்னவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாங்கள் கண்ணை மூடினபிறகு இவனை யார் பார்ப்பார்கள்? அதைச் சொல்லுங்கள்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவனுக்குச் சட்டத்தைக் குறைகூற யோக்கியதை இல்லை. ஸ்கேன் அறையிலிருந்து கண்ணீரோடு வெளியே வரும் தாயின் முகத்தில், டாக்டரின் சொல்லைவிட ஊரின் பார்வைபற்றிய பயமே அதிகம். "யார் செய்த பாவமோ" என்று பேசுபவர்கள் நம் தெருவிலும் உண்டு, பூசைக்கு வருகிறவர்களிலும் உண்டு. பிறவிக் குருடனைக் கண்டு சீஷர்களும் இதையே கேட்டார்கள். அவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று சேசுநாதர் அந்தப் பேச்சை அன்றே முடித்துவைத்தார். நாம்தான் இன்னும் முடிக்கவில்லை.

கருவிலே அந்தக் குழந்தையைக் கொல்லாதே என்று சொல்பவன், வாசலிலே அந்தக் குழந்தையை வா என்று சொல்லக் கடமைப்பட்டவன். முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்யாதவன், அடுத்தவள் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டு விரலாலும் தொடாதவன். நம் எதிர்ப்பின் பலம் நம் கடிதத்தில் இல்லை. நம் கையில் இருக்கிறது.

இதை வாசிப்பவர்களில், பயத்தினாலோ பிறர் நெருக்கியதாலோ முன்பே அந்த வழியில் போய்விட்ட தாய் யாரேனும் இருந்தால், அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. சர்வேசுரனுடைய இரக்கம் அவளுக்கு முன்பே காத்திருக்கிறது. அவள் தனியாய் இருந்தபோது உடனிருக்கத் தவறிய நாமும் அவளோடு மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் அங்கத்தினரும் மாநிலங்களவையில் ஓர் அங்கத்தினரும் உண்டு. அவர்கள் எந்தக் கட்சியாயிருந்தாலும் மரியாதையாக எழுதுங்கள். ஊனத்தைக் காரணமாக வைத்து வார வரம்பை நீக்கும் விலக்கை எடுத்துவிடும்படியும், உடன்படிக்கையின் 25-வது ஷரத்து கருக்கலைப்பைக் குறிக்காது என்று இந்தியா தன் கருத்தை அறிவிக்கும்படியும், குறைபாடு தெரியவந்த தாய்க்கு அதே நாளில் ஆலோசனையும் உதவியும் கிடைக்க வழிசெய்யும்படியும் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள்.

இரண்டாவது, "எங்களுக்குப் பின் யார்?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஓரளவு விடை இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் காப்பாளரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலுள்ள குழு அதைச் செய்கிறது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே இதற்கு விண்ணப்பிக்கலாம். எழுத்து வாசனை இல்லாத பெற்றோருக்கு நம் வாலிபர்களில் ஒருவர் கூடப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது நல்ல தர்மம்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் கோவிலின் பின்வரிசையில், பிள்ளை சத்தம் போடுமோ என்ற அச்சத்தில், கதவோரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நகர்ந்து இடம் கொடுங்கள். பிள்ளையின் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பூசை நடுவில் சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தாயைச் சந்தைக்குப் போய்வரச் சொல்லுங்கள். அந்த வீட்டுக் கலியாணப் பேச்சில் யாராவது சின்னவனைக் குறையாகச் சொன்னால், எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

பெரிய சபைகளில் நடப்பது நமக்கு எட்டாதது போலத் தோன்றும். கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பேர்தான். உடன்படிக்கையை நாடு உறுதிப்படுத்தி ஆண்டுகள் பல ஆயின. ஊர் அதை உறுதிப்படுத்துவது இனிமேல்தான் நடக்க வேண்டும். அதற்கு நம் வீட்டு வாசலில் ஆரம்பிக்கலாம்.